பழைய கணினியை ஓய்வுக்கு அனுப்பும் முன் வியாபாரத் தரவைக் காப்பாற்றி வைப்பது எப்படி

மலேசியாவின் தோட்டப்புறப் பட்டணங்களில் இயங்கும் சிறு நிறுவனங்கள் பலவற்றில், முன்மேசையில் புதிய கணினி இருந்தாலும் பின்னறையில் பழையது ஒன்று துணி போர்த்தியபடி இருக்கும். செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் முகவர், லாரிக் குத்தகையாளர், தோட்டத் தொழிலாளர்களுக்கு மாதக் கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர், கூட்டுறவுக் கழகம், துண்டாடப்பட்ட தோட்டத்தின் மிச்சத்தை நிர்வகிக்கும் அலுவலகம் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், 1990களில் வாங்கிய ஒரு டாஸ் நிரலோ விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணக்கு மென்பொருளோ இருபது, முப்பது ஆண்டு வரவு செலவைத் தன்னிடம் வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்த மின்-இன்வாய்ஸ் (விலைப்பட்டியலை மின்வழியில் வரி வாரியத்துக்கு அனுப்பும்) முறையும், 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்ததும் சேர்ந்து, சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் போன்ற ஊர்களிலும் பலரை மென்பொருள் மாற்றத்துக்குத் தள்ளியிருக்கின்றன. புதிய மென்பொருளை விற்பவர் பெரும்பாலும் தொடக்க இருப்பையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மட்டுமே ஏற்றித் தருவார். மற்ற விவரங்கள் பழைய இயந்திரத்திலேயே தங்கிவிடும். அவற்றைக் காப்பது உரிமையாளரின் பொறுப்பு.

கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுவதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். பழைய மென்பொருளும் அதை இயக்கிய கிராணியும் (அலுவலக எழுத்தரும்) இல்லாத நிலையில், முன்பின் அறியாத ஒருவர் அந்த நகலை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்ல முடிகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த அளவுகோலை ஒட்டியதே.

நாளை யார் வந்து என்ன கேட்பார்கள்?

வேலையைக் கோப்புகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல் கேள்விகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில், வெளியிலிருந்து யாரெல்லாம் வந்து பழைய விவரம் கேட்கக்கூடும் என்று எழுதுங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி தொழிலாளர் பதிவேட்டில் உள்ள விவரங்கள் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். 2015 ஏப்ரல் முதல் 2018 ஆகஸ்ட் வரை சட்டமாக இருந்த ஜிஎஸ்டி (பொருள், சேவை) வரிக்கான பதிவுகளுக்கும் ஏழு ஆண்டுக் கணக்குதான். வரி விஷயத்தில் மோசடியோ அலட்சியமோ நடந்திருப்பதாக வருமான வரி வாரியம் கருதினால் வழக்கமான கால வரம்பு பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு, ஏழு என்ற எண்களைக் கேட்டதும் அதற்கு முந்தியவற்றை அழித்துவிடலாம் என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பில், ரசீது போன்றவற்றுக்கு அது சரியாகவே இருக்கலாம். சம்பளப் பதிவுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. தோட்டத்தில் முப்பது ஆண்டு ரப்பர் பால் வெட்டிய ஒருவருக்கு இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) கணக்கில் சில ஆண்டுகளின் சந்தா காணாமல் போயிருக்கலாம். சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவன) ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது வேலை செய்த காலத்தை நிரூபிக்க வேண்டியிருக்கலாம். அவர் காலமான பிறகு வாரிசுகள் சேவைக் கடிதம் கேட்டு வரலாம். தோட்டம் மூன்று கை மாறியிருந்தாலும் அவர்கள் தேடி வருவது கடைசியாக அந்த அலுவலகத்தை நடத்தியவரைத்தான். ஆகவே பெயர், பழைய அடையாள அட்டை எண், புதிய எண், வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள், மாதச் சம்பளம், இ.பி.எப்., சொக்சோ பிடித்தம் ஆகியவற்றைச் சட்டக் கெடுவைத் தாண்டியும் வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு.

மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்த பிறகும் அதை வைத்திருப்பதைத் தடுக்கிறது. அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழ் நகல், மருத்துவச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண் போன்றவை எதற்காகத் தேவை என்று உங்களால் ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால், காப்பகத்தில் சேர்க்காமல் முறைப்படி அழித்துவிடுவதே நல்லது. வைத்திருப்பவற்றுக்கு, ஏன், எத்தனை ஆண்டுக்கு என்று அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தை நகர்த்துவதற்கு முன்

பல ஆண்டுகள் நாள்தோறும் ஓடிய வன்தட்டு, சில மாதம் சும்மா கிடந்த பிறகு சுழல மறுப்பது அடிக்கடி நடப்பது. எனவே பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே, அதை வேறு அறைக்குத் தூக்குவதற்கும் முன்னதாகவே, முழுத் தட்டின் பிம்பத்தை (அதிலுள்ள அனைத்தும் அடங்கிய நகலை) எடுத்துவிட வேண்டும். கோப்புறைகளை மட்டும் நகலெடுப்பதைக் காட்டிலும் இது மேலானது. எங்கோ ஒரு மூலையில் மென்பொருள் வைத்திருக்கும் அமைப்புக் கோப்பு விடுபட்டுப் போகாது. குளோன்சில்லா என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். கணினி திறக்கவில்லை என்றால், தட்டைக் கழற்றி, ஐடிஇ அல்லது சாட்டா தட்டை யூஎஸ்பியில் இணைக்கும் மலிவான மாற்றியைக் கொண்டு வேறொரு கணினியில் எடுக்கலாம். தட்டில் கரகரவென்று சத்தம் கேட்டால் அத்துடன் நிறுத்திவிட்டு, தரவு மீட்பு வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. திரும்பத் திரும்ப முயல்வது மீதியையும் கெடுத்துவிடும்.

பழைய கணினியைத் திறந்ததும் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தால் கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். அந்த நிலையில் கணக்கு மென்பொருளைத் திறந்தால் அது தவறான நாளில் எதையாவது பதிவு செய்யக்கூடும். மின்கலத்தை மாற்றித் தேதியைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும். பிரிண்டர் துவாரத்தில் விரல் அளவில் ஒரு சிறு பெட்டி செருகியிருந்தால் அதுதான் மென்பொருளின் உரிமச் சாவி. அதைக் கழற்றி எறிந்துவிட்டால் நிரல் திறக்காது. நெகிழ்வட்டுகள் இருந்தால், மூன்றரை அங்குல வட்டுக்கு யூஎஸ்பி வாசிப்பான் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுக்குப் பழைய வாசிப்பானையே தேடிப் பிடிக்க வேண்டும்.

அறிக்கை முதலில், மூலக்கோப்பு பிறகு

மென்பொருள் ஓடும் நிலையில் இருந்தால், அது தரக்கூடிய அறிக்கைகள் அனைத்தையும் ஆண்டு வாரியாக எடுத்து வையுங்கள்: இருப்பாய்வு, பேரேடு, கடனாளிகள், கடன் கொடுத்தோர், சரக்கிருப்பு, மாதச் சம்பளப் பட்டியல், ஒவ்வொரு தொழிலாளரின் வருடாந்தரக் கணக்கு. மூலக்கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். அவற்றை எப்படிக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்ற அறிவு நிரலுக்குள் இருக்கிறது. அறிக்கையில்தான் அந்த அறிவு வேலை செய்து முடித்த வடிவத்தில் வெளிவருகிறது. அதனால்தான் அறிக்கைக்கு முதலிடம்.

டாட் மேட்ரிக்ஸ் அச்சுக்காக எழுதப்பட்ட நிரல்களிலும் இதற்கு வழி உண்டு. விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற அச்சுப்பொறியை நிறுவி, அதன் வாயிலைக் கோப்பாக அமைத்துவிட்டால், தாளுக்குப் போக வேண்டியது உரைக்கோப்பாக விழும். அந்த உரைக்கோப்பையும் அதிலிருந்து செய்த பிடிஎஃப்-ஏ வடிவத்தையும் சேர்த்து வையுங்கள். பிடிஎஃப்-ஏ என்பது நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே 2005இல் பன்னாட்டுத் தரமாக்கப்பட்ட வடிவம். எழுத்துருவையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும்.

அடுத்து மூலக்கோப்புகள். டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றில் எழுதப்பட்ட நிரல்கள் டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில் தரவை வைத்தன. மலேசியாவில் பரவலாகப் புழங்கிய யுபிஎஸ் கணக்கு மென்பொருளும் அவ்வகைதான். இந்தக் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் நேரடியாகத் திறக்கும். குறிப்புப் பகுதிகள் தனிக்கோப்பில், டிபிடி அல்லது எஃப்பிடி என்ற முடிவுடன் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு நகலெடுத்தால் விளக்கப் பத்திகள் (நெடுவரிசைகள்) வெறுமையாகத் தெரியும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இவ்வகைக் கோப்பில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே மறைவதில்லை, நீக்கப்பட்டது என்ற குறி மட்டும் விழும். மாற்றும் கருவி சில சமயம் அந்தக் குறியைப் பொருட்படுத்தாமல், ரத்து செய்த பில்லையும் உயிருள்ள பில்லாக எடுத்துவிடும். மொத்தத் தொகை பழைய அறிக்கையைவிடக் கூடுதலாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொரு அட்டவணையையும் யூனிகோடு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாகவும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பாகவும் மாற்றி வைக்கப் பரிந்துரைக்கிறேன். சிஎஸ்வியை எந்த எளிய உரைத்தொகுப்பானிலும் படிக்கலாம். எஸ்கியூலைட்டில் தேடலும் கூட்டலும் எளிது. மாற்றிய பிறகும் மூலக்கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

குறியீட்டின் பொருளை எழுதி வைப்பது

இந்த வேலையில் மிகவும் பயன் தருவதும், மிகவும் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். டிபிஎஃப் கோப்பில் ஒரு பத்தியின் பெயர் பத்து எழுத்தைத் தாண்ட முடியாது. ஆகவே நிரல் எழுதியவர் சுருக்கிச் சுருக்கி, தமக்கு மட்டும் புரியும் பெயர்களை வைத்திருப்பார். உள்ளே இருக்கும் மதிப்புகளும் அப்படியே: தோட்டச் செக்ரோலில் (தொழிலாளர் வேலைப் பதிவேட்டில்) வேலைக்குறி 3 என்றால் பால் வெட்டா, புல் வெட்டா, உரம் போடுதலா என்பது காலையில் பெரட்டுக் கூப்பிட்ட (ஆள் கணக்கெடுத்த) கிராணிக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது.

குலை வாங்கும் முகவரின் தரவை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். எடைச்சீட்டு அட்டவணையில் ஒரு வரியில் 2.35 என்ற எடையும் 1,880 என்ற தொகையும் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை எப்படி வந்தது? மலேசியாவில் குலையின் விலை, எண்ணெய்ப் பிழிவின் (குலை எடையில் எண்ணெயாகக் கிடைக்கும் பங்கின்) ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இவ்வளவு என்ற முறையில் சொல்லப்படுகிறது. அந்த மாதம் ஒரு விழுக்காட்டுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்), பிழிவு 20 விழுக்காடு என்றால் டன் ஒன்றுக்கு 800 வெள்ளி, 2.35 டன்னுக்கு 1,880 வெள்ளி. நாற்பதும் இருபதும் மாத விலை என்ற வேறொரு சிறிய அட்டவணையில் இருக்கும். பழுக்காத குலைக்கான கழிவு மூன்றாவது அட்டவணையில் இருக்கலாம். எடைச்சீட்டுக் கோப்பு பெரியது என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, இருபது வரி கூட இல்லாத சிறிய அட்டவணைகளை விட்டுவிட்டால், பின்னாளில் சிறுதோட்டக்காரர் ஒருவர் தமக்குக் குறைத்துக் கொடுத்ததாக வாதிடும்போது உங்கள் கையில் தொகை இருக்கும், விளக்கம் இருக்காது. சிறிய அட்டவணைகளே பெரிய அட்டவணைக்குச் சாவி.

ஆகவே ஒரு விளக்க ஏடு தயாரியுங்கள். ஒவ்வொரு அட்டவணைக்கும் அது எதற்கு, ஒவ்வொரு பத்திக்கும் அதன் முழுப்பெயர், அலகு கிலோவா டன்னா, தொகை வெள்ளியா சென்னா, ஒவ்வொரு குறிக்கும் என்ன பொருள், அந்தப் பொருள் எந்த ஆண்டில் மாறியது என்று எழுத வேண்டும். இதை எழுதும்போது, அந்தக் கணினியை இயக்கிய பழைய கிராணியையோ கணக்கப்பிள்ளையையோ பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டிக் கேளுங்கள். வாயால் கேட்டால் 'எல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்பார்கள். திரையைப் பார்த்தால்தான், 'இந்த ஒன்பது போட்டதெல்லாம் சும்மா, கணக்கு ஒத்துவரட்டும் என்று அப்போதைய மேலாளர் போடச் சொன்னது' என்பது போன்ற செய்திகள் வெளிவரும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு கிள்ளானுக்கோ ஜொகூருக்கோ போய்விட்ட பிறகு கேட்பது கடினம்.

எக்செலில் திறப்பதால் வரும் கேடு

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்து, மூடும்போது சேமித்துவிடும் பழக்கம் நல்ல தரவைக் கெடுக்கிறது. நமது அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. பொது வடிவத்தில் உள்ள எக்செல் கட்டம் பதினோரு இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைச் சுருக்கி, புள்ளியும் அடுக்குக்குறியுமாகக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால், ஓர் எண்ணின் பின் இலக்கங்கள் போய், பத்துப் பேருக்கு ஒரே எண் இருப்பது போல் ஆகிவிடும். 2000க்குப் பிறகு பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கக்கூடும். எக்செல் அந்தச் சுழியத்தை உதிர்த்துவிடும். பிறந்த ஆண்டு இரண்டு இலக்கத்தில் 28 என்று இருந்தால், அதை 1928 என்று கொள்ளாமல் 2028 என்று எடுத்துக்கொள்ளும். ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி இன்னும் பிறக்காதவராகிவிடுவார்.

இதைத் தவிர்க்க, எக்செலில் கோப்பை இறக்குமதி செய்யும் வழியாகத் திறந்து, அடையாள அட்டை எண், தொலைபேசி எண், கணக்கு எண் ஆகிய பத்திகளை உரை என்று குறிக்க வேண்டும். தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், ஆண்டை நான்கு இலக்கமாக எழுதி வைத்தால், மூன்றாம் மாதம் நான்காம் நாளா, நான்காம் மாதம் மூன்றாம் நாளா என்ற குழப்பம் எழாது.

தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன், முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களின் எழுத்துருக்களைக் கொண்டு கூட்டுறவுக் கழகக் கூட்டக் குறிப்புகளும் கோயில் நன்கொடைப் பட்டியல்களும் தட்டச்சு செய்யப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பையும் நகலெடுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய வடிவத்தை அருகிலேயே வையுங்கள். மாற்றிய பிறகு கொ, கோ, கௌ போன்ற, முன்னும் பின்னும் குறி வரும் எழுத்துகளை உடைய பெயர்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கோவிந்தசாமியின் பெயர் சிதைந்திருந்தால் தேடலில் அவர் அகப்படமாட்டார்.

ஒத்துப் பார்த்தல்

ஒவ்வொரு ஆண்டுக்கும் பதிவுகளின் எண்ணிக்கையும் தொகைகளின் கட்டுமொத்தமும் பழைய அறிக்கையோடு சென் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். தணிக்கையாளர் கையெழுத்திட்ட அச்சுக் கணக்கு அலமாரியில் இருந்தால் அதனோடு ஒப்பிடுவது இன்னும் உறுதியானது. ஒத்துவராத ஆண்டை மறைக்காமல், எவ்வளவு வித்தியாசம், என்ன காரணம் என்று விளக்க ஏட்டில் எழுதுங்கள்.

பிறகு அலுவலகத்துக்குப் புதியவர் ஒருவரிடம் காப்பகத்தையும் விளக்க ஏட்டையும் மட்டும் கொடுத்து, முதலில் எழுதிய கேள்விகளில் சிலவற்றைக் கேளுங்கள்: 'இந்தப் பெண்மணி 1996இல் எத்தனை மாதம் வேலை செய்தார், இ.பி.எப். எவ்வளவு பிடிக்கப்பட்டது?' பழைய கணினியின் பக்கம் போகாமல் அவர் விடை கண்டுபிடிக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஏட்டில் விளக்கம் போதவில்லை என்று பொருள்.

பழைய மென்பொருளையே மெய்நிகர் கணினியில் (புதிய கணினிக்குள் பழையதைப் போல இயங்கும் நிரலில்) ஓடவைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டாஸ் நிரலுக்கு டாஸ்பாக்ஸும் விண்டோஸ் நிரலுக்கு விர்ச்சுவல்பாக்ஸும் உதவும். இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்தால் பழைய விண்டோஸால் ஆபத்தும் குறைவு. மாறும் காலத்தில் இது பெரிய ஆறுதல்தான். ஆனால் பத்தாண்டு கழித்து அதை இயக்கத் தெரிந்தவர் ஊரில் இருப்பாரா என்பது சந்தேகம். எனவே அதைத் துணையாக மட்டுமே கருத வேண்டும்.

எங்கே, எப்படி வைப்பது

மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடம் என்பது தரவுக் காப்பில் பழகிப்போன விதி. ஒரு நகல் அலுவலகக் கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று மேகச் சேமிப்பில் அல்லது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் என்று வைக்கலாம். இடியும் மின்னலும் மிகுந்த நாடு இது. வன்தட்டை எப்போதும் கணினியில் செருகி வைத்திருந்தால் ஒரே இடியில் இரண்டும் போய்விடும். ஆற்றோரப் பட்டணமாக இருந்தால் கீழ்த்தட்டு அலமாரியில் வைக்காதீர்கள். பென் டிரைவும் எஸ்எஸ்டியும் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்க ஏற்றவை அல்ல.

ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியை) கணக்கிட்டு ஒரு பட்டியலாக வையுங்கள். விண்டோஸிலேயே அதற்கான வசதி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, வரிக் கணக்கு முடிக்கும் மாதத்தில், மூன்று நகல்களையும் திறந்து அந்தத் தொகை மாறவில்லை என்று பார்க்க வேண்டும். சம்பளத் தரவைக் கடவுச்சொல்லால் பூட்டுவது அவசியம். பூட்டியவர் மட்டும் சொல்லை அறிந்திருப்பது காப்பகத்தையே இழப்பதற்குச் சமம் என்பதால், அதை உறையிலிட்டு, நிறுவனச் செயலாளரிடமோ வழக்கறிஞரிடமோ ஒப்படையுங்கள்.

தொழிலாளர் சேவைப் பட்டியலை மட்டும், ஆளுக்கு ஒரு வரியாக, சாதாரணத் தாளில் லேசர் அச்செடுத்துக் கட்டி வைப்பது நல்லது. இரண்டாயிரம் பேர் பெயர் என்றாலும் ஒரு சிறு கோப்பில் அடங்கிவிடும். கடை ரசீது அடிக்கும் வெப்பத் தாளில் எடுக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும்.

இத்தனையும் முடிந்த பிறகும் பழைய கணினியை உடனே வெளியேற்ற வேண்டாம். புதிய மென்பொருளில் ஒரு முழு ஆண்டுக் கணக்கு முடிந்து, தணிக்கையாளரின் கேள்விகளுக்கெல்லாம் காப்பகத்திலிருந்தே விடை சொன்ன பிறகு, வன்தட்டைக் கழற்றித் தரவை முற்றாக மேலெழுதி அழித்தோ, துளையிட்டோ பயனற்றதாக்குங்கள். பழைய சாமான் லாரியில் அப்படியே ஏற்றிவிட்டால் நூற்றுக்கணக்கானவர்களின் அடையாள அட்டை எண்ணும் அதோடு போகும். மின்னணுக் கழிவு மலேசியாவில் அட்டவணையிடப்பட்ட கழிவு வகையைச் சேர்ந்தது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைத்து, ரசீதையும் எந்த நாளில் எந்தத் தட்டு அழிக்கப்பட்டது என்ற குறிப்பையும் விளக்க ஏட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வையுங்கள்.